முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்!



வீண் செலவு இல்லாமல் வீட்டிலேயே என்னென்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய அரங்கின் பொருள். எனக்கு முன் பேசிய அக்கா, பழைய சேலைகளைக் கொண்டு திரைச்சீலை தைப்பதை அழகாக விளக்கினார். ஐயா ஒருவர், கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைப்பது பற்றிச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டிருப்பது பழைய மினி பைக். பல வீடுகளில் பின்கட்டில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறதே, அந்தக் குட்டி மோட்டார்தான்!

'இந்தப் பெண்ணுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் நினைக்கலாம். நான் மெக்கானிக் அல்ல. பட்டறைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, என் தம்பியோடு சேர்ந்து வீட்டு வாசலில் ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டியவள். அந்த அளவில்தான் பேசுகிறேன்.

இந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, 'எவ்வளவு செலவாகும்?' நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு முன்பு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. 'கையில் உள்ள பணத்தை எதற்கு முதலில் செலவு செய்வது?' இந்த வரிசை தப்பினால் வீணாவது பணம் மட்டுமல்ல, ஒரு பிள்ளையின் உயிரும் போகலாம். இன்று நான் சொல்ல வந்தது இந்த வரிசையைப் பற்றித்தான்.

குட்டி வண்டியின் கதை

1961ஆம் ஆண்டு தோக்கியோ நகருக்கு வெளியே 'தாமா டெக்' என்ற கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே வரும் பிள்ளைகள் ஓட்டி விளையாட ஹோண்டா நிறுவனம் ஒரு குட்டி மோட்டாரைச் செய்தது. இசட் 100 என்பது அதன் பெயர். பெரியவர்கள் அதில் ஏறினால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, குரங்கு உட்கார்ந்திருப்பது போல இருக்குமாம். அதனால்தான் அந்த வகை வண்டிக்கு 'மங்கி' என்ற பெயர் வந்தது. 1967இல் இசட் 50 எம் என்ற பெயரில் சாலையில் ஓட்டக்கூடிய மங்கி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1969இல் 'டாக்ஸ்' வந்தது. நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸ்ஹண்ட் நாயைப் போன்ற உருவம் என்பதால் அந்தப் பெயர். 1972இல் 'சாலி' வந்தது. ஏறி இறங்க வசதியான வண்டி. சேலை கட்டிய டீச்சர்கள் சாலி மோட்டாரில் பள்ளிக்கூடம் போனதைப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்த மூன்றுக்கும் தாய் ஒன்றுதான். 1958இல் வெளிவந்த 'சூப்பர் கப்'. நம் நாட்டில் அதைப் பரப்பியவர் பினாங்கைச் சேர்ந்த டான் ஸ்ரீ லோ பூன் சியூ. 'பூன் சியூ ஹோண்டா' என்றே சொல்லிப் பழகிய தலைமுறை நம்முடையது. பால் மரம் வெட்டப் போனவர்களும், காலையில் பத்திரிகை போட்டவர்களும், மீன் விற்றவர்களும் நம்பியிருந்த காப்சாய் அதுதான்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? இதில்தான் சிக்கனத்தின் ரகசியம் இருக்கிறது. மினி பைக்கின் இயந்திரமும் காப்சாயின் இயந்திரமும் ஒரே குடும்பம். 70 வகை டாக்ஸ், சாலி ஆகியவற்றின் இயந்திரமும் சி 70இன் இயந்திரமும் நெருங்கிய சொந்தம். 47 மில்லிமீட்டர் பிஸ்டன், 41.4 மில்லிமீட்டர் ஓட்டம், 72 சி.சி. எனவே பிஸ்டன், ரிங், பிளக், பாயிண்ட் போன்ற பல சாமான்கள் சாதாரண மோட்டார் கடையிலேயே கிடைக்கும். 'மினி பைக் சாமான்' என்று கேட்டால் ஒரு விலை, 'சி 70 சாமான்' என்று கேட்டால் ஒரு விலை என்பதும் உண்டு! பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் உண்டு.

கிராண்ட் இல்லையா? தொடாதீர்கள்!

வண்டி உங்கள் வீட்டு வண்டியாக இருந்தால் நல்லது. வெளியில் வாங்குவதாக இருந்தால், இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் கிராண்டைப் பாருங்கள். கிராண்டில் உள்ள சேசி எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் சுரண்டிய அடையாளமோ புதிதாகச் சாயம் பூசிய அடையாளமோ இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கி வைத்திருப்பது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின் கீழ் குற்றம். 'மலிவாகக் கிடைத்தது' என்பது அங்கே பதிலாகாது.

சாலை வரி பல ஆண்டுகள் கட்டாமல் கிடந்த வண்டி என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போய், இந்த வண்டியை மறுபடியும் சாலையில் ஓட்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும் வண்டிக்கும் இதுதான். பெயர் மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். 150 சி.சி.க்கு உட்பட்ட மோட்டாருக்கு ஆண்டுச் சாலை வரி 2 வெள்ளிதான். அந்த 2 வெள்ளியைக் கட்ட முடியாத நிலையில் இருக்கும் வண்டிக்கு 2,000 வெள்ளி செலவழித்து என்ன பயன்?

அடுத்தது, உடம்பு. இருக்கைக்குக் கீழேயும், பின் சக்கரக் கை பொருத்தப்பட்டிருக்கும் இடத்திலும், கைப்பிடிக்குக் கீழுள்ள கழுத்துப் பகுதியிலும் துரு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். டாக்ஸ் வண்டியின் உடல் தகரத்தை அழுத்திச் செய்தது. பெட்ரோல் தொட்டியே உடலுக்குள்தான் இருக்கிறது. அதனால் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும், 'பொத்' என்று கேட்கக் கூடாது. இயந்திரம் இறுகிக் கிடந்தால் கூட சரிசெய்யலாம். உடல் உளுத்துப்போன வண்டியைச் சிக்கனத்தில் சரிசெய்ய முடியாது.

மூன்று உறைகள்

தோட்டத்தில் வாழ்ந்த நம் அம்மாக்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சம்பள நாளில் பணத்தைப் பிரித்து, மளிகைக்கு, பள்ளிக்கு, சீட்டுக்கு என்று தனித்தனியாக முடிந்து வைப்பார்கள். ஒன்றில் கை வைத்து இன்னொன்றுக்குச் செலவழிக்க மாட்டார்கள். மினி பைக்குக்கும் அதே கணக்குதான்.

மூன்று உறைகள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உறையில் 'நிற்க' என்று எழுதுங்கள். இரண்டாவதில் 'ஓட'. மூன்றாவதில் 'மினுக்க'. உங்களிடம் 10 வெள்ளி இருந்தால் 5 வெள்ளி முதல் உறைக்கு, 3 வெள்ளி இரண்டாவதற்கு, 2 வெள்ளி மூன்றாவதற்கு. 1,000 வெள்ளி இருந்தாலும் இதே பங்குதான். இதில் ஒரே ஒரு சட்டம். மூன்றாவது உறையில் இருந்து முதல் உறைக்குப் பணம் போகலாம். முதல் உறையில் இருந்து மூன்றாவதற்கு ஒரு காசுகூடப் போகக் கூடாது!

இளைஞர்கள் பலர் செய்வது தலைகீழ். முதல் மாதம் சாயம், குரோம் பூச்சு, புது இருக்கை. அடுத்த மாதம் சத்தம் போடும் புகைக்குழாய். அதற்கு அடுத்த மாதம் பெரிய கார்பரேட்டர். பிரேக் மட்டும் வண்டி செய்த காலத்துப் பிரேக். எங்கள் நிகழ்ச்சிக்காகப் பட்டறைகளுக்குப் போனபோது ஒரு பெரியவர் சொன்னார்: "ஏம்மா, ஓடாத வண்டி யாரையும் கொன்றதில்லை. நிற்காத வண்டிதான் கொல்லும்." நாற்பது ஆண்டு கிரீஸ் படிந்த கை சொல்லும் வார்த்தை அது.

முதல் உறை: 'நிற்க'

முதலில் பிரேக். இந்தப் பழைய வண்டிகளில் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள் இருக்கும். கட்டையில் உராயும் பட்டை 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஊறிய கட்டையைத் தேய்த்துப் பயன்படுத்த முயலாதீர்கள். அதையும் மாற்றத்தான் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் குழாயாலும் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பூட்டிய பிறகு, முன் பிரேக் பிடியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரையும், பின் பிரேக் மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரையும் சும்மா அசையும் இடம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். பிரேக் கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்றுங்கள். முழு வேலையிலும் மிக மலிவான சாமான்களில் ஒன்று அது.

இரண்டாவது டயர். டாக்ஸ் வண்டிக்கு 3.50-10 அளவு. வெஸ்பா ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கும் இதே அளவுதான். அதனால் தேடி அலைய வேண்டியதில்லை. பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பழைய டயரை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அந்த நான்கு இலக்கமே இல்லை என்றால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்திய டயராகத்தான் இருக்கும். பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

அடுத்துச் சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். மங்கி, டாக்ஸ் வண்டிகளின் சக்கர வட்டு ஒரே துண்டாக இருக்காது. இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டுப் போட்டு முறுக்கியிருப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் இரண்டு பாதியும் வெடித்துப் பிரியும். முகத்திலும் கையிலும் அடிபடும். முதலில் வால்வைக் கழற்றி, காற்று முழுவதையும் விடுங்கள். டயரை அழுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே ஸ்பெனரை எடுங்கள். மறுபடி பூட்டும்போது டியூப்பில் கொஞ்சம் காற்று வைத்து, அது இரண்டு பாதிகளுக்கு நடுவே சிக்காமல் பார்த்து முறுக்குங்கள்.

மூன்றாவது பேரிங். சக்கரத்தை விரலால் சுழற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறதா? பேரிங் போய்விட்டது. பேரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு பேரிங் விற்கும் கடைக்கே போங்கள். அந்த எண்ணைச் சொன்னால் போதும், மோட்டார் கடையைவிட மலிவாகக் கிடைக்கும். கைப்பிடிக் கழுத்தில் இருப்பவை தனித்தனிக் குண்டுகள். கழற்றும்போது கீழே ஒரு துணியை விரித்து வையுங்கள். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒன்று காணாமல் போனாலும் கைப்பிடி ஆடும்.

நான்காவது விளக்கு. 'விளக்கு எப்படி முதல் உறையில் வந்தது?' என்று கேட்பீர்கள். நீங்கள் நிற்பது பின்னால் வரும் லோரிக்காரருக்குத் தெரிய வேண்டாமா? 1992ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன் விளக்கு எரிய ஓட வேண்டும். பழைய வண்டிகள் பெரும்பாலும் 6 வோல்ட். 12 வோல்ட் பல்பைப் போட்டால் மங்கலாகத்தான் எரியும். 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால் அது நிறையாது. கடையில் '6 வோல்ட்' என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது உறை: 'ஓட'

இயந்திரம் ஓட மூன்று விஷயம் வேண்டும். பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம். இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். பார்ப்பதற்கு முன்பே இயந்திரத்தைப் பிரித்துக் கொட்டிவிடாதீர்கள். பாதி வண்டிகள் பிரிக்காமலேயே ஓடத் தொடங்கும்.

கிடந்த வண்டியில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். தொட்டிக்குள் துரு இருந்தால், கழற்றி எடுத்து, வினிகர் ஊற்றி ஓரிரு நாள் ஊறவைத்து, சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். பிறகு சோடா மாவு கரைத்த நீரில் அலசி, உடனே நன்றாகக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெயைச் சுழற்றி விடுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே துரு திரும்பி வரும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். அடுப்படிக்குப் பக்கத்திலோ சாமி விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்திலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கார்பரேட்டரைத் திறந்தால் அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ பிசின் படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்துக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஜெட் துளைக்குள் ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கணக்கு மாறிவிடும்.

அடுத்தது தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தைத் தொடும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். அப்போது பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீலப் பொறி வர வேண்டும். பேட்டரி செத்துப்போனதால்தான் பொறி வரவில்லை என்று சிலர் புதுப் பேட்டரி வாங்குவார்கள். அது வீண். பாயிண்ட் வைத்த பழைய மாடல்களில் பொறிக்கான மின்சாரம் சுழலும் காந்தச் சக்கரத்தில் இருந்தே வருகிறது. பொறி இல்லை என்றால் பாயிண்டைப் பாருங்கள். காந்தச் சக்கரத்தில் உள்ள சன்னல் வழியாகவே அதைப் பார்க்கவும் சரிசெய்யவும் முடியும். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். வால்வு இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். இவற்றை அளக்க மெல்லிய தகடுகள் கொண்ட ஓர் அளவுகோல் போதும். சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

மூன்றாவது அழுத்தம். பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வர வேண்டும். வராவிட்டால் முதலில் வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி உதைத்துப் பாருங்கள். இப்போது அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் வால்வில் கோளாறு இருக்கலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால், கடைசல் பட்டறையில் கொடுத்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்து, அதே அளவு பெரிய பிஸ்டன் போடலாம். இந்த வேலையைக் கட்டாயம் பட்டறையில் கொடுங்கள். இது வீட்டு வேலை அல்ல.

எண்ணெய் சுமார் 0.8 லிட்டர் பிடிக்கும். மோட்டார் சைக்கிளுக்கு என்று விற்கும் எண்ணெயையே ஊற்றுங்கள். கிளச்சும் அதே எண்ணெயில்தான் குளிக்கிறது. கார் எண்ணெய் சிலவற்றை ஊற்றினால் கிளச் வழுக்கும்.

வீட்டு வேலைக்குத் தேவையான கருவிகள் அதிகமில்லை. 8, 10, 12, 14, 17 அளவு ஸ்பெனர்கள், ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர், ஒரு சுத்தியல். ஜப்பானிய வண்டிகளில் உள்ள கூட்டல் குறித் திருகுகளுக்குச் சாதாரண டிரைவர் சரியாகப் பொருந்தாது. தலை மழுங்கிவிடும். ஜப்பானிய அளவு டிரைவர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படம் எடுங்கள். திருகுகளைப் பழைய மைலோ டின்களில் போட்டு, எந்த இடத்துத் திருகு என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மூன்றாவது உறை: 'மினுக்க'

இங்கே நான் சுருக்கமாகவே பேசுவேன். சாயம் பூசுவதில் செலவு குறைவு, உழைப்புதான் அதிகம். துருவை நன்றாகத் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் அடிச்சாயம் அடித்து, காயவைத்து, மெல்லிய தாள் கொண்டு தேய்த்து, பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். மழைக்கால மாலை நேரத்தில் அடித்தால் ஈரப்பதத்தில் சாயம் வெளுத்துப்போகும். வெயில் உள்ள காலை நேரம் நல்லது. வண்டியின் நிறத்தையோ இயந்திரத்தையோ மாற்றுவதாக இருந்தால் முன்னதாகவே சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். குரோம் பூச்சுக்குப் பணம் போதவில்லையா? விட்டுவிடுங்கள். கொஞ்சம் வயதான தோற்றம் பழைய வண்டிக்கு அழகுதான்.

பெரிய இயந்திர ஆசை

இப்போது நான் கவலையோடு சொல்ல வேண்டிய ஒரு விஷயம். 110, 125 சி.சி. இயந்திரங்கள் இந்தக் குட்டி உடலில் அப்படியே பொருந்தும் வகையில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. இரண்டு போல்ட்டுதான், அரை நாள் வேலை. 'அக்கா, பழைய இயந்திரத்தைச் சரிசெய்யும் செலவில் புதிதாகவே போட்டுவிடலாமே?' என்று தம்பிகள் கேட்கிறார்கள். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால், அந்த உடலும், அந்தப் பிரேக்கும், அந்தப் பத்து அங்குலச் சக்கரமும் 50, 70 சி.சி.க்காகச் செய்யப்பட்டவை. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இயந்திர எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போகாது. இலாகாவின் அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டு விபத்தில் சிக்கினால் காப்புறுதி கிடைப்பதும் சிக்கலாகும்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிர் இழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்தான். ஒவ்வொரு பெருநாள் காலத்திலும் செய்தியில் கேட்கிறோம், அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணிக்கையில் நம் தெருப் பிள்ளை ஒருவன் சேரும்போதுதான் அது எண் அல்ல, ஒரு தாயின் அழுகை என்று புரிகிறது.

மினி பைக் பார்க்க விளையாட்டுப் பொருள் போல இருப்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'குட்டி வண்டிதானே, கடை வரைக்கும்தானே' என்று 12, 13 வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிறோம். சட்டப்படி 16 வயது நிறைந்து, உரிமம் எடுத்த பிறகே மோட்டார் ஓட்டலாம். தலைக்கவசம் 1973ஆம் ஆண்டு முதலே இந்த நாட்டில் கட்டாயம். தாமானுக்குள் ஓட்டினாலும் அதே சட்டம்தான், அதே தார்ச்சாலைதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

'மோட்டாரைத் தொடாதே' என்று மகனைத் தடுப்பது எளிது. ஆனால், வீட்டில் தொடக் கூடாது என்றால் அவன் வெளியில் போய்த் தொடுவான். அங்கே அவனுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் பிரேக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்களா? அதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருங்கள். மகளாக இருந்தாலும் கூப்பிடுங்கள். திருகை எண்ணுவதற்கும் இடைவெளியை அளப்பதற்கும் ஆண் என்ன, பெண் என்ன? மாதத்திற்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பிரேக், அடுத்த மாதம் டயர். பணமும் ஒரேயடியாகப் போகாது, பிள்ளைக்குப் பொறுமையும் வரும். மூன்று உறைகளையும் அவன் கையிலேயே கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். 18 வயதில் முதல் சம்பளம் வாங்கும்போது அந்தக் கணக்கு அவனுக்கு உதவும்.

வண்டி பூட்டி முடிந்ததும் நேராகச் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டு வளாகத்துக்குள், வாகனம் வராத இடத்தில், நடக்கும் வேகத்தில் ஓட்டி, பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். சாலை வரியும் காப்புறுதியும் எடுத்து, ஒரு நல்ல பட்டறைக்காரரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு சாலையில் இறக்குங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகள், செயின், பிரேக் மூன்றையும் மறுபடி பாருங்கள். செயின் நடுவில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தொய்வு இருந்தால் சரி.

இந்த வாரம் உங்கள் பின்கட்டில் கிடக்கும் தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள். கிராண்ட் எங்கே இருக்கிறது என்று அலமாரியில் தேடுங்கள். இரண்டும் கிடைத்துவிட்டால் மூன்று உறைகளை எடுத்து வையுங்கள்.